பக்கத்து வீடும் நிலப்பட்டாவும்

2019 ஏப்ரல் 13 அன்று நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது, அந்தச் சிற்றூரின் பெயர் மலேசியா முழுவதும் அடிபட்டது. முந்தைய ஆண்டுப் பொதுத்தேர்தலில் எதிர்த்தரப்பு வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி, நுழைவு அட்டை இல்லை என்ற காரணத்தால் வேட்புமனுத் தாக்கல் மையத்துக்குள் விடப்படவில்லை. அன்றைய மந்திரி பெசார் (மாநில முதல்வர்) முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. மறுபடி நடந்த தேர்தலிலும் முகமட் ஹசானே 4,510 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அரசியல் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் அப்போது பேசப்பட்ட வாக்காளர் கணக்கை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. ஏறத்தாழ 21,000 வாக்காளர்கள். பாதிக்குச் சற்று மேல் மலாய்க்காரர், கால் பங்குக்குச் சற்று மேல் இந்தியர், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சீனர். நாட்டின் மக்கள் தொகையில் இந்தியர் பங்கு நூற்றுக்கு ஏழைக்கூடத் தொடாத காலத்தில், ஒரு தொகுதியில் நாலில் ஒருவர் இந்தியர். மூன்று இனங்களும் எண்ணிக்கையில் கனமாக இருக்கும் இத்தகைய ஊர்கள் தீபகற்பத்தில் அதிகம் இல்லை.

ரந்தாவ் இன்று சிரம்பான் மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் 2020 ஜனவரியில் இணைக்கப்பட்டு, அதே மாதம் சிரம்பானுக்கு மாநகர் தகுதி கிடைத்தது. ஆகவே ரந்தாவைப் பற்றிப் பேசுவது ஒரு தோட்டப்புறச் சிற்றூரைப் பற்றி மட்டும் பேசுவது ஆகாது. நடுத்தர அளவுள்ள ஒரு மாநகரம் தன் தோட்டங்களை விழுங்கி வளரும்போது அங்கிருந்த மக்கள் ஒருவருக்கொருவர் அண்டை வீட்டாராக ஆகிறார்களா என்று கேட்பதும் ஆகும். இக்கேள்விக்கு மேடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் மனத்தைப் பற்றியது: சகிப்புத்தன்மை வளர வேண்டும், ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் போக வேண்டும், பிள்ளைகள் சேர்ந்து விளையாட வேண்டும். இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் ரந்தாவின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இங்கே இனங்களைப் பிரித்து வைத்தது நிலச் சட்டம். அவர்களைச் சேர்க்கப் போவதும் முதலில் நிலம்தான். காலடி நிலத்தில் சமமான உரிமை கிடைத்த பிறகே மற்ற உறவுகள் நிலைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நெகிரி செம்பிலானின் மலாய்க்காரர்களில் பெரும்பகுதியினர் சுமத்திராவின் மினாங்கபாவ் மண்ணிலிருந்து பல நூற்றாண்டுகளாக வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களின் அடாட் பெர்ப்பாத்தே வழக்கப்படி மூதாதையர் நிலம் பெண்வழியில் இறங்குகிறது. 1909-இல் வந்த வழக்குரிமை நிலச் சட்டம் அதை ஏட்டில் ஏற்றது. 1913-இல் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், ஒதுக்கப்பட்ட நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்கு விற்க முடியாதபடி செய்தது. சீனர்கள் சிரம்பானைச் சூழ்ந்த சுங்கை ஊஜோங்கின் ஈயச் சுரங்கங்களுக்கு வந்தார்கள். சுரங்கம் ஓய்ந்த பிறகு பட்டணத்துக் கடைவீடுகளில் கால் ஊன்றினார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில், 1950 முதல், பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் காட்டோரத்தில் இருந்த சீனர்கள் புதுக்கிராமங்களில் வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். அந்த வீட்டுமனைகளுக்கும் காலப்போக்கில் ஏதோ ஒரு வகைக் குத்தகை உரிமை வந்து சேர்ந்தது. தமிழர்களின் கதை வேறு. முதலில் காப்பிக்கும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கும் ஆளெடுக்கும் கங்காணிகள் வழியாக வந்தவர்கள் கம்பெனி நிலத்தில், கம்பெனி கட்டிய லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் இருந்தார்கள். 1938-இல் இந்திய அரசு அந்த ஆளெடுப்பை நிறுத்தும் வரை வந்த தலைமுறைகளில் பெரும்பாலானோருக்கு மலாயாவில் ஓர் அடி நிலம்கூடத் தம் பெயரில் இருந்ததில்லை. ஆக, ஒரே வட்டாரத்தில் மூன்று வகை மக்கள் மட்டுமா இருந்தார்கள்? மூன்று வகை நில உரிமையும் இருந்தது. கம்பம் என்னும் மலாய்க் கிராமத்துக்காரருக்கு மரபு நிலம், பட்டணத்துக்காரருக்குக் குத்தகை, தோட்டத்துக்காரருக்கு வேலை இருக்கும் வரை ஒரு கூரை.

காலனியக் காலத்தில் பர்மாவில் அதிகாரியாக இருந்த ஜே.எஸ். ஃபர்னிவால் இத்தகைய சமூகங்களை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்: பல இனங்கள் ஒரே ஆட்சியின் கீழ் வாழ்கின்றன, சந்தையில் வாங்கி விற்கின்றன, ஆனால் அதற்கு அப்பால் ஒன்றுகலப்பதில்லை. ரந்தாவுப் பட்டணமும் நெடுங்காலம் அப்படித்தான் இயங்கியது. தோட்டத்துச் சம்பள நாளில் சீனர் மளிகையில் கடன் அடையும். கம்பத்துக் காய்கறி தோட்டத்துக்கு வரும். மாலையில் அவரவர் எல்லைக்குள் திரும்பிவிடுவார்கள். இதை வெறுப்பு என்று சொல்ல முடியாது. தோட்டம் தனக்குள்ளேயே முழுமையாக இருந்தது: கோயில், தமிழ்ப்பள்ளி, மருந்தகம், கள்ளுக்கடை, மேற்பார்வையாளரான மண்டோர், எழுத்தரான கிராணி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இன்று நாட்டிலுள்ள சுமார் 530 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் ‘தோட்டம்’ ஒட்டிக்கொண்டிருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. தோட்டம் தமிழனுக்குச் சமூகத்தைக் கொடுத்தது, சொத்தைக் கொடுக்கவில்லை. அந்தக் குறை தோட்டம் உடைந்த நாளில்தான் முழுதாகத் தெரிந்தது.

தோட்டம் ஒரே நாளில் உடையவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. அந்தத் ‘தோட்டத் துண்டாடல்’ ஆயிரக்கணக்கான குடும்பங்களை வேலையும் கூரையும் ஒருசேர இழக்கச் செய்தது. 1968-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. அதே ஏக்கருக்குக் குறைந்த ஆள் போதும். அந்தக் குறைந்த ஆட்களும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வரத் தொடங்கினார்கள். 1998-இல் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறந்ததும் சிரம்பானைச் சுற்றிய தோட்ட நிலம் வீட்டுமனை விலைக்கு உயர்ந்தது. ரந்தாவுக்கு அருகில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் ஆயிரக்கணக்கான ஏக்கரில் புதுநகராக எழுந்தது. 1980 முதல் இருபது ஆண்டுகளில் நாடு முழுவதும் தோட்டங்களை விட்டு வெளியேறிய இந்தியர்கள் மூன்று லட்சம் வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வெளியேறியவர்களில் பலர் நஷ்ட ஈடாகப் பெற்றது சிறு தொகை. தோட்ட வீட்டின் தரத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1966 முதல் இருக்கிறது, 1990-இல் புதுப்பிக்கவும் பட்டது. வேலை முடிந்த மறுநாள் அந்தத் தொழிலாளி எங்கே போவார் என்பதை அந்தச் சட்டம் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி வெளியேறிய குடும்பங்களில் வசதி கூடியவை சென்று சேர்ந்த இடம் தாமான் என்னும் வீடமைப்புக் குடியிருப்பு. மலேசிய இன உறவு வரலாற்றில் தாமானுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் ஒரே வகைப் பட்டாவோடு, ஒரே வகை வங்கிக் கடனோடு, ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசை வீடுகளில் குடியேறிய முதல் இடம் அதுதான். இதற்கு அரசுக் கொள்கையும் ஒரு காரணம். 1970-இல் மலாய்க்காரர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான் நகரங்களில் இருந்தார்கள். இந்தியர்களில் மூன்றில் ஒருவர், சீனர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 1971-இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, இனத்தையும் தொழிலையும் ஒன்றாகக் கட்டியிருந்த முடிச்சை அவிழ்ப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக அறிவித்தது. அதன் தொடர்ச்சியாகப் புதிய வீடமைப்புகளில் ஒரு பங்கை மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கி விலைக் கழிவு தரும் ஏற்பாடு வந்தது. அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அண்டை வீட்டுக்காரருக்குக் கிடைத்த கழிவு தனக்குக் கிடைக்காததில் இந்தியர்களுக்கு மனக்குறை உண்டு, அது நியாயமான குறை. ஆயினும் அந்த ஏற்பாடுதான் பல தாமான்கள் ஒரே இனத்துக் குடியிருப்பாகிவிடாமல் தடுத்தது என்பதையும் மறுக்க முடியாது.

பட்டா எப்படி உறவாக மாறுகிறது? அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வெவ்வேறு குழுவினர் சந்தித்துக்கொண்டால் மட்டும் வெறுப்பு குறையாது. சமநிலையில் சந்திக்க வேண்டும், பொது இலக்கு வேண்டும், ஒத்துழைக்கும் வாய்ப்பு வேண்டும், அதிகார அமைப்புகளின் ஆதரவும் வேண்டும் என்றார். உளவியலாளர்கள் பெட்டிகுரூவும் டிராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, தொடர்பு பெரும்பாலும் காழ்ப்பைக் குறைக்கிறது என்றும், ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருக்கும் இடத்தில் அதிகமாகக் குறைக்கிறது என்றும் காட்டினார்கள். தாமானில் இந்த நிபந்தனைகள் சாக்கடையிலிருந்து தொடங்குகின்றன. அடைத்த சாக்கடையில் கொசு பெருகினால் டிங்கிக் காய்ச்சல் இனம் பார்த்து வராது. தெருவிளக்கு எரியாவிட்டால் வீட்டு மதிப்பு எல்லாருக்கும் இறங்கும். 1975-இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் அமைப்பு முதலில் பாதுகாப்பு ரோந்துக்காக உருவாக்கப்பட்டது. அது நன்றாக இயங்கும் இடங்களில், வீட்டை இழக்க விரும்பாதவர்கள் ஒன்றுகூடும் மேடையாக இருக்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரர் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப் பணிக்கு வருவார். அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாத வாடகைக்காரருக்கு வர ஏது மனம்?

முதல் மறுப்பு இங்கே எழும். நெருங்கி வாழ்வதே சண்டைக்கு வழி இல்லையா? 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த மோதலில் ஆறு பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அவர்கள் அண்டை வீட்டார்தான். ஆனால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். புறம்போக்குக் குடிசைகளும் நெரிசலான மலிவு விலை அடுக்கு வீடுகளும் நிறைந்த பகுதி. தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களும் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மலாய்க்காரர்களும் நிலையற்ற குடியிருப்பில் ஒருவரையொருவர் எதிர்கொண்ட இடம். இரு தரப்புக்கும் இழக்க ஒரு சொத்து இல்லை, காப்பாற்ற ஒரு தெரு இல்லை. பட்டாவோடு இருபது முப்பது ஆண்டுகள் கலந்து வாழ்ந்த தாமான்களில் இத்தகைய கலவரம் வெடித்ததாக நாட்டின் நினைவில் எதுவும் இல்லை. கம்போங் மேடான் என் வாதத்தை உடைக்கவில்லை. உறுதியற்ற குடியிருப்பின் விலையை அது சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ராபர்ட் புட்னம் என்னும் அமெரிக்க அரசியல் அறிஞர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இனக் கலப்பு கூடிய குடியிருப்புகளில் மக்கள் வேற்று இனத்தாரை மட்டுமன்றித் தம் இனத்தாரையும் குறைவாக நம்புகிறார்கள், கூட்டுக்குள் ஆமைபோல் ஒடுங்கிக்கொள்கிறார்கள் என்றார். அப்படியானால் கலப்புத் தாமானைக் கொண்டாட என்ன இருக்கிறது? அவரே சொன்ன ஒரு வரையறையை நாம் கவனிக்க வேண்டும்: இது குறுகிய கால விளைவு, நீண்ட காலத்தில் புதிய கூட்டு அடையாளங்கள் உருவாகலாம் என்பது அவர் முடிவு. மேலும் அமெரிக்க நகரங்களில் இனக் கலப்பும் ஏழ்மையும் அடிக்கடி வீடு மாறுவதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் எது நம்பிக்கையைக் குலைக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. நிலைத்த குடியிருப்பும் சமமான உரிமையும் இருக்கும் இடத்துக்கு அந்த முடிவை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு தமிழர்களை நேராகக் குறிவைக்கிறது: தனித் தமிழ்ப்பள்ளி, தனிக் கோயில் என்று ஒதுங்கினால் ஒருங்கிணைவு எப்படி வரும்? தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுத்த வழக்கை 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளியது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. சட்டக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் சமூகக் கேள்வி நிற்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் ஒரு கணக்குக் காட்டினார்: தம்மைப் போன்றவர்கள் சிலராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற மெல்லிய விருப்பமே ஊரைக் கடும் பிரிவினையில் கொண்டுபோய் நிறுத்தும். இதைத் தலைகீழாகப் படித்தால் நமக்குப் பாடம் கிடைக்கும். ஒரு தாமானில் சுராவ் என்னும் முஸ்லிம் தொழுகையிடம் மட்டும் இருந்து, கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பத்து மைல் தள்ளி இருந்தால் தமிழ்க் குடும்பம் அங்கே வீடு வாங்காது. பள்ளி இருக்கும் பக்கம் ஒதுங்கும். மூன்றும் எட்டும் தூரத்தில் இருந்தால் ஒதுங்க வேண்டிய தேவையே இல்லை. எனவே ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகள் புதிய குடியிருப்புகளுக்கு நடுவே இடம் பெயர்வது கலப்புக்குத் துணை. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை 150 மாணவரைக்கூடத் தொடவில்லை. ஆள் இல்லாத தோட்டத்தில் அவற்றை வைத்திருப்பது பள்ளிக்கும் கேடு, தாமானுக்கும் இழப்பு. விளையாட்டுத் திடலையும் மண்டபத்தையும் தேசியப் பள்ளி, சீனப்பள்ளியோடு பகிர்ந்துகொள்வதில் தமிழ்ப்பள்ளி எதையும் இழக்காது.

கோயிலின் கதையும் பட்டாவின் கதைதான். தோட்டக் கோயில்கள் நிர்வாகத்தின் சம்மதத்தோடு கம்பெனி நிலத்தில் எழுந்தன. யாரும் ஆவணம் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. நிலம் கை மாறியதும், நூறாண்டு பழைய கோயில் ஒரே இரவில் ‘சட்டவிரோதக் கட்டடம்’ ஆகிவிடுகிறது. 2018 நவம்பரில் சீஃபீல்டு மாரியம்மன் கோயில் இடமாற்றத்தை ஒட்டி நடந்த கலவரத்தில் ஒரு தீயணைப்பு வீரர் காயமடைந்து பின்னர் உயிரிழந்தார். ஒரு நிலத் தகராறு சில நாட்களில் இனத் தகராறாகத் திரிந்தது. தோட்டம் விற்கப்படும் கட்டத்திலேயே கோயிலுக்கு மாற்று நிலமும் பட்டாவும் முடிவாகியிருந்தால் அந்த இரவு வந்திருக்காது.

சிலர் சிங்கப்பூரைச் சுட்டுவார்கள். அங்கே 1989 மார்ச் முதல் ஒவ்வோர் அடுக்குமாடிக் கட்டடத்திலும் வட்டாரத்திலும் எந்த இனத்தார் எத்தனை பங்கு என்ற வரம்பு நடப்பில் உள்ளது. மலாய்க்காரருக்கு ஒரு கட்டடத்தில் 25 விழுக்காடு, வட்டாரத்தில் 22. தனிக் குடியிருப்புகள் உருவாவதை அது தடுத்திருக்கிறது. ஆனால் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் சிறுபான்மையினர் தம் வீட்டை வேற்று இனத்தாருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைந்து விலை இறங்குகிறது. 2022 முதல் கடும் சிரமத்தில் இருப்பவர்களின் வீட்டை வீடமைப்புக் கழகமே திரும்ப வாங்க முன்வந்தது இதை ஒப்புக்கொள்வதாகும். மேலும் அங்கே பெரும்பாலோர் அரசு கட்டிய வீட்டில் வாழ்கிறார்கள். தனியார் வீடமைப்பே பெரும்பான்மையாக உள்ள மலேசியாவில் அந்த ஏற்பாடு பொருந்தாது. நமக்கு வேண்டியது மேல் வரம்பு அல்ல, கீழே இருப்பவர் ஏறிவர ஒரு படி.

பட்டா இருந்தால் போதுமா என்றும் கேட்கலாம். போதாது. வேலியிட்டுக் காவல் போட்ட புது வீடமைப்புகளில் மூன்று இனத்தவரும் சொந்த வீட்டில் இருந்துகொண்டே பக்கத்து வீட்டார் பெயர் தெரியாமல் வாழ்வதைப் பார்க்கிறோம். உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டு, 1976 சட்டத்துக்குப் பின் திரும்பாததால், தெருப் பிரச்சினைக்காக ஒன்றுகூடி வாக்குக் கேட்கும் பழக்கமும் நமக்கு இல்லை. ஆனால் போதாதது வேறு, தேவையில்லாதது வேறு. அடித்தளம் மட்டும் வீடாகாது என்பதால் அடித்தளமே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

எனவே செய்ய வேண்டியவை தெளிவு. தோட்டத் தொழிலாளி ஓய்வு பெறும் வயதில் வங்கி கடன் தராது. ஊழியர் சேமநிதியில் இருப்பதும் குறைவு. வேலையில் இருக்கும் நாற்பது வயதிலேயே, தோட்டத்தின் ஓரத்தில் அல்ல, பொதுத் தாமானில் அவருக்கு வீடு வாங்கும் திட்டம் வேண்டும். தோட்ட நிலத்தை வீட்டுமனையாக மாற்ற அனுமதி கேட்கும் கம்பெனியிடம் அதை நிபந்தனையாக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, ஏனெனில் நிலம் மாநிலத்தின் கையில். சுயமுயற்சிக்கு முன்மாதிரியும் நம்மிடமே உள்ளது: 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் மாதாமாதம் சேர்த்த சிறு தொகைகளைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது. அன்று தோட்டம் வாங்க முடிந்த சமூகம், இன்று தாமானில் வீடு வாங்கக் கூடிக் கட்டும் வழியைக் கண்டுபிடிக்க முடியாதா? ரந்தாவைச் சுற்றி மிச்சமிருக்கும் தோட்டங்கள் விற்கப்படுவதற்கு முன்பே அங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு, பள்ளி, கோயில் மூன்றுக்கும் பட்டா எங்கே என்று மாநகர் மன்றத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். விற்ற பிறகு கேட்டால் நஷ்ட ஈடு பற்றித்தான் பேச முடியும்.